பட்டும் தங்கூஸும்

என் முதல் தூண்டிலுக்குக் கட்டிய நூல் பட்டு. அரக்குச் சிவப்புப் பட்டு.

வசதியால் வந்ததில்லை அது. எங்கள் வீட்டில் வேறு நூலே கிடையாது. தெள்ளாரில் எங்கள் வீட்டு நடையிலேயே குழித்தறி இருந்தது. ஆரணி முதலாளியிடமிருந்து பட்டும் ஜரிகையும் எடை போட்டு வரும். புடவையாகத் திரும்பிப் போகும்போது மறுபடியும் தராசில் ஏறும். குறைந்தால் கூலியில் கழியும். நாடாவுக்குள் இருக்கும் தார்க்கட்டையில் ஊடை நூல் தீரும்போது கடைசிச் சுற்று கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை யாருக்கும் தெரியாமல் உருவி, எட்டு இழையாக மடித்து, தொடையில் வைத்து உருட்டி முறுக்கினேன். அதன் நுனியில் சிநேகிதன் கொடுத்த ஒரு துருப்பிடித்த முள். மிதப்புக்குச் சோளத்தட்டையின் உள்சக்கை. கோலுக்கு வேலியிலிருந்து ஒடித்த நொச்சிக்குச்சி. 1980-ஆம் வருஷம், எனக்குப் பதினோரு வயது. அந்தப் பட்டு நூலில் என் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை மாட்டியது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நூலைக் கண்டுபிடித்த அன்று நைனா அடிக்கவில்லை. வாங்கிப் பார்த்தார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடும். அதில் ஒன்று அறுந்தால் கண்ணுக்கு முன்னால் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த விரலால்தான் என் நூலைப் படித்தார்.

“முறுக்கு நல்லாத்தான் ஏத்திக்கிற. ஆனா இது நம்ம நூலு இல்லடா” என்றார்.

அடுத்த முறை வந்தவாசி பஜாருக்குப் போய்வந்தபோது, கோரைப்பாய் வியாபாரிகள் இருக்கும் தெருவில் எங்கேயோ வாங்கினதாகச் சொல்லி, ஒரு சின்ன தங்கூஸ் சுருளும் இரண்டு முள்ளும் என் கையில் வைத்தார். நைலான் நரம்புக்கு எங்கள் பக்கத்தில் தங்கூஸ் என்றுதான் பேர். கண்ணாடி மாதிரி இருந்தது. வெயிலில் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், தண்ணீருக்குள் போனதும் காணாமல் போகும். பட்டைப் போலக் கைக்குள் அடங்காது. விட்டால் சுருண்டு எழும். அது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பட்டு நூலில் மீன் கொத்துவது விரலுக்கு மெத்தென்று வந்து சேரும். தங்கூஸில் அது சுரீரென்று ஏறும்.

தெள்ளார் வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது. அப்போது வட ஆற்காடு மாவட்டம். 1989-க்குப் பிறகுதான் திருவண்ணாமலை. வாத்தியார் ஊர்ப் பெருமை சொன்னால் போரைத்தான் சொல்வார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியனை இங்கே முறியடித்துத்தான் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் ‘தெள்ளாறெறிந்த’ என்று பேர் வாங்கினான். 1231-ல் காடவன் கோப்பெருஞ்சிங்கன் சோழன் மூன்றாம் ராஜராஜனைத் தோற்கடித்ததும் இங்கேதான். இரண்டு பெரிய சண்டை நடந்த மண் என்பதைக் கேட்டு நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வோம். மணி அடித்ததும் ஏரிக்கரைக்கு ஓடுவோம். எனக்கு ஊர் என்றால் ஏரிதான்.

ஐப்பசி மழை பிடித்து, ஏரி நிரம்பி, கலங்கல் வழிய ஆரம்பித்தால் ஊரே அங்கே நிற்கும். புதுத் தண்ணீர் வாடைக்கு மீன் எதிர்த்து ஏறும். பெரியவர்கள் வலையும் ஊத்தாவும் எடுத்துக்கொண்டு வருவார்கள். வாய்க்கால் மேட்டில் பனையேறிக்கெண்டை செவுளை விரித்து ஊன்றித் தரையிலேயே நகர்ந்து போகும். அதைக் கையால் பொறுக்கலாம். ஏரி மீன் குத்தகைக்கு ஏலம் போயிருக்கும். ஆனால் தூண்டில் போடும் பையன்களைக் குத்தகைக்காரர் சத்தம் போடுவதோடு விட்டுவிடுவார். கெண்டை, கெளுத்தி, குறவை, ஜிலேபி, சேற்றில் ஆரால். கெளுத்தி மாட்டினால் மட்டும் பயம். அதன் மார்த்துடுப்பு முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். தை பிறந்தால் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் வந்து இறங்கும். வேடந்தாங்கல் கூட்டம் என்று சொல்வோம். பறவைக்கு அது ஒரு தூரமே இல்லை.

விரால் பற்றிச் சொல்ல வேண்டும். இதை இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்களுக்குள் விரால் பிடித்தவன்தான் தூண்டில்காரன். மண்புழுவுக்கு வருவதெல்லாம் சின்ன மீன். விராலுக்கு உயிரோடு தவளைக்குஞ்சு வேண்டும், பொறுமை வேண்டும், நிழல் தண்ணீரில் விழாமல் நிற்கத் தெரிய வேண்டும். செவுளால் மட்டும் மூச்சுவிட்டு விராலால் வாழ முடியாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை ஒரு வாய் முழுங்கிவிட்டுப் போகும். அந்தச் சத்தம்தான் அது இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். அகநானூற்றின் மருதப் பாட்டு ஒன்றில், தூண்டில் இரும்பில் இருந்த இரையை விழுங்கிய வரால் ஆம்பல் இலையைக் கிழித்துக்கொண்டு, இழுக்கிறவனுக்கு அடங்காமல் ஓடுகிறது. பிற்பாடு அதைப் படித்தபோது, பாடிய புலவர் கரையில் நின்று கண்ணால் பார்த்திருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. எங்கள் ஏரியிலும் விரால் ஆம்பல் கொடிக்குள்தான் ஓடும்.

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்த கார்த்திகையில் ஒரு மத்தியானம். மழை விட்டு வெயில் அடித்தது. கோரைப் புதர் ஓரம் இடுப்பளவு தண்ணீரில் ஒரே ஒரு இடத்தில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கும். சுற்றி எங்கும் மழை இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். தண்ணீருக்கு அடியில் செந்நிறமாக ஒரு பந்து. சீரகம் அளவு குஞ்சுகள், ஆயிரம் இருக்கும், ஒன்றாகச் சுழன்று சுழன்று மேலே வந்து காற்றைத் தொட்டுவிட்டு இறங்கின. அந்தத் தொடல்தான் தூறல். பந்துக்குக் கீழே கறுப்பாக ஒரு நிழல், கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

தவளைக்குஞ்சை முள்ளில் கோத்து அந்தச் சிவப்புப் பந்தின் நடுவிலேயே இறக்கினேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை. தண்ணீர் வெடித்தது. கோல் வில்லாக வளைந்து நுனி தண்ணீரைக் குத்தியது. நான் கோலை விட்டுவிட்டு நூலையே கையில் சுற்றிக்கொண்டு கரைமேல் ஓடினேன். தங்கூஸ் உள்ளங்கையை அறுத்த தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. புல்லில் விழுந்த விரால் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீளம். நான் கத்தின கத்தலில் மாடு மேய்த்தவர்கள் ஓடி வந்தார்கள்.

மடை பார்க்கும் தாத்தாவும் வந்தார். மீனைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார்.

“குஞ்சோட இருந்ததா?”

“ஆமா தாத்தா. நடுவுல வுட்டேன். ஒரே அடி.”

“அது பசிக்கு எடுக்கலடா. வயித்துல கொளந்த இருக்கறவகூட சோறு துன்னுவா. இது துன்ன வரல. புள்ளைங்க நடுவுல தவள வந்துட்டுதுன்னு வெரட்ட வந்துது.”

வேறு ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் விரால் குழம்பு. மாங்காய் போட்டு அம்மா வைத்தாள். நானும் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது, அதை மறைக்க எனக்கு மனசில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். தூறல் பாதி அளவுக்குச் சுருங்கியிருந்தது. மிச்சம் இருந்த ஒரு விரால் அலைந்துகொண்டே இருந்தது. ஜிலேபிகள் ஒரு பக்கத்தில் நுழைய, அது விரட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபக்கத்தில் வேறு நுழைந்தது. கோரையில் இரண்டு கொக்கு அசையாமல் நின்றது. ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து வளைத்துக் காக்கிற காவல் அது. ஒற்றை ஆளால் முடிகிற வேலை இல்லை. நான் கல் எடுத்துக் கொக்கை விரட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று. மூன்றாம் நாள் அந்த இடத்தில் தண்ணீர் ஆடாமல் இருந்தது.

நைனாவிடம் சொன்னேன். தறியில் உட்கார்ந்தபடியே கேட்டார். மிதியிலிருந்து காலை எடுக்காமல், “அறுந்தது அறுந்துதான்” என்றார். கொஞ்சம் கழித்து, “இனிமே பார்த்துப் போடு” என்றார். தூண்டிலை விட்டுவிடு என்று அவர் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. அதனால்தான் இன்று வரைக்கும் பார்த்துப் போடுகிறேன்.

1991-ல் சென்னைக்கு வந்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. தறி எனக்கு வரவில்லை என்பதைவிட, தறிக்கு எதிர்காலம் இல்லை என்று நைனாவே என்னை அனுப்பினார். கொரட்டூர் பக்கம் நாலு பேராக ஒரு அறை. முதல் ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து முடித்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கால் தானாக ஏரியைத் தேடிப் போயிற்று. ஊரில் வளர்ந்தவனுக்கு ஏரிக்கரை எந்த ஊரிலும் தெரிந்த இடம்தான். மரமும் வாடையும் சொல்லிவிடும்.

கொரட்டூர் ஏரிக்கரையில் ஏழெட்டுப் பேர் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர், ரிட்டயரான தபால்காரர், டியூஷனைத் தவிர்த்துவிட்டு வந்த இரண்டு பையன்கள். யாரும் யார் பேரையும் கேட்கவில்லை. “கடி இருக்கா?” என்று கேட்டேன். “இப்பத்தான் ஆரம்பிக்குது, உக்காரு” என்று ஒருவர் தள்ளி இடம் கொடுத்தார். சென்னையில் என்னை யாரோ ‘உக்காரு’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு அவர்களோடு சென்னைத் தண்ணீர் முழுக்கச் சுற்றினேன். ரெட்டேரி, அம்பத்தூர் ஏரி, போரூர், தண்ணீர் அதிகம் போகும்போது பூண்டிக்குக் கீழே கொசஸ்தலையாறு. புழலும் செம்பரம்பாக்கமும் குடிநீர் ஏரிகள், காவல் உண்டு, அங்கே நாங்கள் தலைகாட்ட மாட்டோம். ஊரில் மண்புழு போதும். பட்டணத்துக் கட்லாவுக்கு அது போதாது. தவிடும் பொரிமாவும் பிசைந்து, ஒருவர் ஏலக்காய் தட்டிப் போடுவார், இன்னொருவர் வெனிலா எசன்ஸ் ரெண்டு சொட்டு. ஜிலேபிக்குப் பரோட்டாக் கடையில் வாங்கின பச்சை மாவு. ஒவ்வொருவரும் தன் மாவைத் துணி போட்டு மூடித்தான் வைத்திருப்பார்கள். மீன் மாட்டினவுடன் கரை முழுக்க எழுந்து நிற்கும். யார் மீன் என்பது முக்கியமே இல்லை. “விடு விடு, நரம்பு குடு, இழுக்காத” என்று எட்டுக் குரலில் ஒரே யோசனை வரும். பாரிமுனைப் பக்கம் போய் நான் முதல் ரீல் ராடு வாங்கினது இரண்டு மாத ஓவர்டைம் பணத்தில். கோலின் வளையங்களுக்குள் நரம்பைக் கோக்கும்போது தறியின் விழுதுக்கண்ணில் இழை கோக்கும் நைனாவின் கை ஞாபகம் வந்தது. அதே குனிவு, அதே மூச்சடக்கல்.

ஜிலேபியைப் பற்றி ஒரு வார்த்தை. அது நம் மீன் இல்லை. ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைக்கு மலிவான மீன் கிடைக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் காரணம். எந்த அழுக்குத் தண்ணீரிலும் பிழைத்து, பெருகி, நம் கெண்டைக்கும் விராலுக்கும் இருந்த இடத்தை எடுத்துக்கொண்டது. எங்கள் ஏரியில் அந்தச் சிவப்புப் பந்துக்குள் நுழைந்ததும் அதுதான். ரொம்ப நாள் எனக்கு அதன் மேல் ஒரு கோபம் இருந்தது. அது போனது ரெட்டேரியில்.

ஒரு நாள் ஜிலேபி ஒன்று விலாவில் முள் பட்டு வந்தது. கடித்து மாட்டவில்லை, மாவைக் கடக்கும்போது நான் சுண்டிய முள் அதன் பக்கவாட்டில் ஏறியிருக்கிறது. கையில் எடுத்து முள்ளைக் கழற்றும்போது வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து எள்ளைக் கொட்டினாற்போல் குஞ்சுகள் என் உள்ளங்கையில் விழுந்தன. அந்த இனத்தில் தாய் முட்டையை வாயிலேயே அடைகாக்கும், பொரித்த குஞ்சையும் பயம் வந்தால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். அந்த நாட்களில் அது இரை எடுப்பதில்லை. பக்கத்தில் இருந்த தபால்காரர் ஓடிவந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி என் கைமேல் ஊற்றினார். இருவருமாக மண்டியிட்டு, தாயையும் குஞ்சையும் ஓரத்துத் தண்ணீரில் இறக்கினோம். தாய் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. எங்கள் நிழல் அதன் மேல் விழுந்திருக்கிறது என்று புரிந்து பின்னால் நகர்ந்தோம். குஞ்சுகள் ஒவ்வொன்றாக அதன் முகத்தருகே போய்ச் சேர்ந்தன. கடைசியாக எத்தனை சேர்ந்தன என்று பார்க்க முடியவில்லை, தண்ணீர் கலங்கல்.

அன்றிலிருந்து பிடிக்கிற மீனைத் திருப்பி விட ஆரம்பித்தேன். கரையில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. வீட்டில் மீன் வாங்கக் காசில்லாமல் தூண்டில் போட வருகிறவரும் எங்களில் உண்டு. அவர் எடுத்துப் போவது நியாயம். எனக்கு மாதச் சம்பளம் வருகிறது, நான் விடுவதும் நியாயம். குஞ்சோடு இருக்கும் விராலை மட்டும் யார் பிடிக்கப் போனாலும் நான் சும்மா இருப்பதில்லை. ரப்பர் தவளை என்று ஒன்று கடைக்கு வந்த பிறகு அது ரொம்ப எளிதாகிவிட்டது. தூறல் போடும் இடத்துக்கு மேலே எறிந்து இழுத்தால் போதும், தாயோ தகப்பனோ வந்து அடித்துவிடும். சண்டை போட்டிருக்கிறேன், கையைப் பிடித்திருக்கிறேன், மூன்று பேரோடு இன்றைக்கும் பேச்சு இல்லை. மடை பார்க்கும் தாத்தா சொன்னதை அப்படியே சொல்லிப் பார்ப்பேன். சிலர் ராடைத் தாழ்த்திவிடுவார்கள்.

தண்ணீரோடு பழகினால் நகரத்தின் உடம்பு தெரியும். சாயத் தண்ணீர் எந்த வாய்க்காலில் எந்தக் கிழமை வருகிறது என்று எங்கள் கூட்டத்துக்குத் தெரியும். விடிகாலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் ராத்திரி சாக்கடை திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு வேறொரு மீன் வந்தது. கண்ணாடித்தொட்டியில் பாசி தின்ன வாங்கி, பெரிதானதும் ஏரியில் கொட்டிவிட்டுப் போகும் மீன். தென் அமெரிக்கச் சரக்கு. கரையில் ‘டேங்க் கிளீனர்’ என்போம். உடம்பெல்லாம் கவசம், கத்தி இறங்காது, யாரும் தின்பதில்லை. ஒரு சீசனில் நாலு தூண்டில் போட்டால் மூன்றில் அதுதான் வந்தது. வளர்த்த மீனை ஏரியில் விடுவது புண்ணியம் என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் காலில் விழுந்து கேட்டுக்கொள்ள வேண்டும்போல இருக்கும். தயவுசெய்து விடாதீர்கள்.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள், அடையாறு கரை மீறிற்று. எங்கள் பக்கம் கொரட்டூர் ஏரியே தெருவுக்குள் வந்தது. முட்டளவுத் தண்ணீரில் கெண்டை என் வீட்டு வாசல்படியை முட்டிற்று. அன்றைக்கு யாருக்கும் தூண்டில் ஞாபகம் வரவில்லை. நாலே வருஷத்தில், 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வெடித்துக் கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்தில் வந்து நின்றது. எங்கள் கரைக் கூட்டத்தில் மூன்று பேர் அதைப் பார்க்கப் போனோம். தண்ணீர் வரும் சத்தம் கேட்க வேண்டும் என்றுதான் போனோம்.

இடையில், பழைய மூர்மார்க்கெட் எரிந்த பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்த பழைய புத்தகக் கடை ஒன்றில் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற பேரைப் பார்த்தேன். மெட்ராஸ் மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்தவர். 1873-ல் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 1887-ல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொன்று. நூற்றுக்கு மேற்பட்ட வருஷத்துக்கு முன்னால் ஒருவர் நம் ஏரிக்கரை வேலையை ஒரு முழுப் புத்தகத்துக்குத் தகுந்ததாக நினைத்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதைத் தொடர்ந்து தூண்டில் சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது.

நைலான் வந்தது 1930-களின் கடைசியில். அதற்கு முன்னால் தூண்டிலின் நுனி நரம்பு பட்டுப்புழுவிலிருந்து வந்தது. கூடு கட்டத் தயாரான புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் இழுத்து நீட்டி உலர்த்துவார்கள். கண்ணாடி போன்ற ஒரு நரம்பு கிடைக்கும். ஸ்பெயினில் முர்சியா என்ற ஊர் இதற்குப் பேர் போனது; உலகத் தூண்டில்காரர்களுக்கெல்லாம் அங்கிருந்து போயிற்று. ஜப்பானில் தூண்டில் நரம்புக்கு இன்றும் ‘தெகுசு’ என்றுதான் பேர். காட்டுப் பட்டுப்புழுவின் அந்த நரம்புக்கு வைத்த பேர், நைலானுக்கும் ஒட்டிக்கொண்டது. தெகுசு, தங்கூஸ். சொல் ஆராய்ச்சி செய்கிறவன் நான் இல்லை. என் காதுக்கு இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல ஒலிக்கின்றன. பதினோரு வயதில் தார்க்கட்டையிலிருந்து உருவிய பட்டை முறுக்கித் தூண்டில் கட்டினவன் உலகம் செய்துகொண்டிருந்ததைத்தான் செய்திருக்கிறான்.

இதை நைனாவிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். 2017-ல் கண் ஆபரேஷனுக்காக அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தேன். ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனை. காலையிலேயே முடிந்துவிட்டது. வெயில் ஏறவில்லை. “ஏரி ஏதாவது கிட்ட இருந்தா கூட்டிப் போடா” என்றார். சேத்துப்பட்டு ஏரிக்குக் கூட்டிப் போனேன். மீன்வளத் துறை 2016-ல் அதைப் பூங்காவாக்கித் திறந்தது. படகு உண்டு, தூண்டில் போடுவதற்கென்று ஏற்பாடும் உண்டு. நகரத்துக்கு நட்டநடுவே, ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில், காவலுக்குப் பயப்படாமல் உட்கார்ந்து தூண்டில் போட ஓர் இடம். அது எவ்வளவு பெரியது என்பதைக் கொரட்டூர் கரையில் இருபது வருஷம் உட்கார்ந்தவனால்தான் சொல்ல முடியும்.

மாவு வைத்து எறிந்து கோலை அவர் கையில் கொடுத்தேன். “மெதப்பு எனக்குத் தெரியல” என்றார். புதுக் கண்ணுக்குத் தண்ணீர்மேல் வெயில் கூசியது. கோலை மடியில் சாய்த்துக்கொண்டார். ரீலுக்கு மேலே நரம்பை ஆள்காட்டி விரலில் ஏற்றி, பெருவிரலால் லேசாகத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டார். தறியில் அறுந்த இழையைத் தேடும்போது வைக்கும் அதே விரல்.

“வந்துக்கிது” என்றார். மிதப்பு அசையவே இல்லை. நான் பேசாமல் இருந்தேன். “மோந்து பாக்குது... வாயில வெச்சு வெளில துப்புது... ம். இப்ப எடுத்துட்டுது.” அதன் பிறகுதான் மிதப்பு முழுகிற்று. நாற்பது வருஷம் தூண்டில் போட்டவன் நான். எனக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் அவருக்கு மூன்று சேதி வந்திருக்கிறது.

கையகலத்துக்கு ஒரு ஜிலேபி. முள்ளைக் கழற்றித் திருப்பி விட்டேன். அவர் ஒன்றும் கேட்கமாட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்திருந்தார்.

“துன்னமாட்டியா?”

“இல்ல நைனா. புடிக்கிறதோட சரி.”

என் மனைவியும் அம்மாவும் இதைக் கேட்டுப் பல தடவை கோபித்திருக்கிறார்கள். சோற்றுக்கு இல்லாத வேலை என்று அம்மா சொல்வாள். நைனா தலையை ஆட்டினார்.

“சரிதான். அறுவது வருஷமா நெய்யறேன். ஒரு பட்டுப் பொடவ ஒங்க அம்மா கட்டிக்கலியே. நெய்ததுதான் நமக்கு.”

நான் சொல்ல வைத்திருந்த முர்சியாவும் தெகுசும் தொண்டையில் நின்றுவிட்டன. வீட்டுக்குப் போகும் வழியில்தான் சொன்னேன். புழுவின் நரம்பை உயிரோடு இழுப்பார்களா என்று மட்டும் கேட்டார்.

கிளம்புவதற்கு முன்னால், பதினோரு மணிக்குப் பெரிய மீன் ஒன்று எடுத்தது. கட்லாவாக இருக்க வேண்டும். நைனா விரலில் வைத்து நரம்பு கொடுத்தார், நான் ரீலைத் தளர்த்தினேன். பக்கவாட்டில் ஓடி, நரம்பு மேடையின் இரும்புக் கம்பியில் உரசி, நடுவில் அறுந்தது. மீன் முள்ளை உதறிவிட்டுப் போயிற்று. அறுந்த நரம்பு மிதப்போடு தண்ணீரில் கிடந்தது. அதை விட்டுவிட்டு வர நான் சம்மதிக்கமாட்டேன். நீர்க்காகத்தின் காலிலும் முக்குளிப்பானின் கழுத்திலும் நரம்பு சுற்றி இறந்து கிடந்ததை ரெட்டேரியில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த ஒரு பையன் தன் முள்ளை எறிந்து அதைக் கோத்து இழுத்துக் கொடுத்தான். புது முள் கட்டி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கத்தரியை எடுத்தேன்.

“எதுக்கு வெட்டற, குடு” என்றார் நைனா.

இரண்டு நுனியையும் சேர்த்து, பாவு பிணைக்கும்போது செய்வதுபோலப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து ஒரே உருட்டு. பட்டாக இருந்தால் அது போதும். தங்கூஸ் உடனே பிரிந்து எழுந்து நின்றது. மறுபடி உருட்டினார், மறுபடி பிரிந்தது. “இதுக்கு முறுக்கு நிக்கல” என்று முணுமுணுத்தார். பாவு பிணைக்கும்போது தொட்டுக்கொள்ளும் சாம்பலைத் தேடுகிறவர் மாதிரி விரல் மேடைப் பலகையைத் துழாவிற்று. அப்புறம் நுனிகளை வாயில் வைத்து ஈரம் பண்ணினார். ஒரு நுனியை மற்றதன்மேல் ஐந்து சுற்று, மற்றதை எதிர்ப்பக்கம் ஐந்து சுற்று, இரண்டு நுனியும் நடுவிலிருந்த கண்ணுக்குள். மெதுவாக, பட்டை இழுப்பதைவிட மெதுவாக, இழுத்தார். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நெல்மணி அளவுக்கு இறுகின. உலகமெங்கும் தூண்டில்காரர்கள் நரம்பைச் சேர்க்கப் போடும் முடிச்சு ஒன்று உண்டு. அதைப் புத்தகப் படம் பார்த்து நான் பழக ஒரு வாரம் ஆயிற்று. கிட்டத்தட்ட அதுதான் அவர் கையில் இருந்தது. இரண்டு பக்கமும் சுண்டி இழுத்துப் பார்த்துவிட்டு, மிச்ச நுனியைப் பல்லால் கடித்துத் துப்பாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நைனா போய் மூன்று வருஷம் ஆகிறது. தறிக்குழியை மூடித் தரை போட்டாயிற்று. அந்த ரீலில் நான் நரம்பை மாற்றவில்லை. பெரிய மீனுக்கு அது தாங்காது, பழசாகிவிட்டது. ஜிலேபிக்கு மட்டும் எடுத்துப் போவேன். கிட்டத்தில் எறிந்தால் முடிச்சு ரீலுக்குள்ளேயே இருக்கும். கையை நன்றாக வீசி, ஆம்பல் இருக்கும் தூரத்துக்கு எறிந்தால், நரம்பு ஓடி ஓடி, அந்த முடிச்சு வெளியே வந்து கோலின் ஐந்து வளையத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். டிக், டிக், டிக், டிக், டிக். அதன் பிறகுதான் மாவு தண்ணீரில் விழும்.